முதலில் வந்த விளக்குமாறு

அத்தியாயம் 4

அன்று யாரையும் சந்தேகப்படும் தெம்பு சிவனாண்டிக்கு இல்லை.

பங்குனி வெயில் மகால் பக்கத்துச் சந்துகளைப் போட்டுக் காய்ச்சிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு மாப்பிள்ளையைப் பின்தொடர்ந்து திண்டுக்கல்லுக்கும் மதுரைக்குமாக பஸ்ஸில் அலைந்ததில் அவருக்கு இடுப்பு கழன்றிருந்தது. துப்பறியும் நிறுவனம் என்று போர்டு மாட்டியிருந்தாலும் வருவதில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரணைதான். குடிக்கிறானா, வேறு வீடு வைத்திருக்கிறானா, அவ்வளவே. ஒருநாளாவது வாடிப்பட்டிக்குப் போய் வீட்டில் காலை நீட்டிப் படுக்கலாம் என்று நினைத்திருந்தபோதுதான் சுங்குடிச் சேலை வியாபாரி துளசிராம் ஆள் அனுப்பிவிட்டார்.

"கண்டுபிடிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல சார்" என்றார் துளசிராம், கடைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்து. "திருடி யாருன்னு எனக்கே தெரியும். அவ வாயால ஒத்துக்க வைக்கணும். அம்புட்டுத்தான் உங்க சோலி."

"அதுக்கு நீங்க பல் டாக்டரைல்ல கூப்பிட்டிருக்கணும்? வாயைத் திறக்க வைக்கிறதுல அவங்கதான் கெட்டிக்காரங்க" என்றாள் ஜெயக்கொடி.

ஜெயக்கொடி சிவனாண்டியின் ஒரே உதவியாளர். முப்பது வயது. டிவிஎஸ் 50 ஓட்டுவாள், வாயும் ஓட்டுவாள். இரண்டுக்குமே பிரேக் கொஞ்சம் லூஸ். சிவனாண்டி அவளை முறைத்தார். முறைக்கக்கூட அலுப்பாக இருந்ததால் பாதியில் விட்டுவிட்டார்.

விஷயம் இதுதான். சித்திரைத் திருவிழாவுக்காக துளசிராம் ஒரு புது டிசைன் போட்டிருந்தார். முந்தானையில், கோடே இல்லாமல் வெறும் சுங்குடிப் புள்ளிகளாலேயே ஒரு குதிரை. பச்சைச் சேலையில் வெள்ளைக் குதிரை. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி மெட்ராஸில் சேலை வாங்கும் பார்ட்டிக்கு ஈமெயிலில் அனுப்பினார். பிடித்திருக்கிறது, இப்படியே செய்யுங்கள் என்று அந்தப் படத்தோடு பதில் வந்தது. இவர் துணிக்குச் சாயம் ஏற்றி முடிப்பதற்குள் நாலு கடை தள்ளியிருக்கும் ராஜகுருவின் கண்ணாடி அலமாரியில் அதே குதிரை தொங்கியது. ராஜகுருவுக்கும் இவருக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

"மெயிலைத் திறக்க பாஸ்வேர்டு வேணும். அது எனக்குத் தெரியும், கம்ப்யூட்டர்ல உக்காந்திருந்த தமிழ்ச்செல்விக்குத் தெரியும். மூணாவது ஆளுக்குத் தெரியாது. நான் விக்கல. அப்ப யாரு வித்தது?"

"பாஸ்வேர்டை ஊகிச்சிருக்கலாமே? பொண்டாட்டி பேரு, பிள்ளை பேருன்னு வைக்கிறதுதானே வழக்கம்" என்றார் சிவனாண்டி.

துளசிராமுக்கு அப்போதுதான் முகத்தில் கொஞ்சம் பெருமை வந்தது. "அந்தக் கதையே இங்க இல்ல. என் அக்கா மகன் பாலமுரளி கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்கான். அவனே ஒரு புரோகிராம் எழுதி ஃப்ளாப்பியில கொடுத்தான். அதை ஓட்டினா கம்ப்யூட்டரே குருட்டாம்போக்கில நாலு வார்த்தை பொறுக்கிப் போடும். மனுஷன் யோசிச்சு வைக்காததை மனுஷன் எப்படி ஊகிப்பான்?" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரே ஒரு குறைதான். கம்ப்யூட்டருக்குப் பூசை போட்டு, நல்ல நேரம் பார்த்து ஓட்டுறேன், முதல்ல வந்து நிக்குது விளக்குமாறு."

"நிசமாவே விளக்குமாறா?" என்றாள் ஜெயக்கொடி.

"வார்த்தைம்மா. விளக்குமாறுன்னு இங்கிலீஷ் எழுத்துல. வெள்ளிக்கிழமை காலையில விளக்குமாத்துல முழிச்சா வியாபாரம் உருப்படுமா? வேணாம்னு இன்னொரு தட்டு தட்டினேன். ரெண்டாவதா மங்கலமா வந்துச்சு. அதையே வச்சுக்கிட்டேன்."

மேசையில் ஒரு தட்டச்சு செய்த காகிதம் இருந்தது. வக்கீல் எழுதிக் கொடுத்த போலீஸ் புகார். சாயங்காலத்துக்குள் தமிழ்ச்செல்வி ஒத்துக்கொள்ளாவிட்டால் அது ஸ்டேஷனுக்குப் போகும் என்றார் துளசிராம்.

"இந்நேரம் அந்தப் பாஸ்வேர்டை மாத்தியிருப்பீங்களே?"

துளசிராம் தொண்டையைச் செருமினார். "மாத்தணும். எப்படி மாத்துறதுன்னு அந்தப் புள்ளைக்குத்தான் தெரியும்."

*

பரவை மார்க்கெட்டைத் தாண்டி ஒரு சந்தில் இருந்தது தமிழ்ச்செல்வியின் வீடு. வெங்காய லாரிகளுக்கு நடுவே டிவிஎஸ் 50 புகுந்து புறப்பட்டதில் சிவனாண்டி பாதி உயிரோடுதான் இறங்கினார். தமிழ்ச்செல்வி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அழுது முடித்து முகம் கழுவியிருந்தாள். அப்பா மார்க்கெட்டில் மூட்டை இறக்கப் போயிருந்தார்.

"ஒத்துக்கச் சொல்லி வந்திருக்கீங்களா சார்?" என்று கேட்டாள்.

"அதுக்குத்தான் அனுப்பினாரு" என்றார் சிவனாண்டி. பொய் சொல்லவும் தெம்பு வேண்டியிருந்தது.

"வேலை போனதுக்கு நான் அழுகல சார். வேற வேலை தேடிக்கிருவேன். கடைப் பசங்க, சேலை எடுக்க வந்தவங்க, அவரு சொந்தக்காரங்க, அம்புட்டுப் பேரு முன்னாடியும் விளக்குமாறு பிஞ்சிரும்னு வஞ்சாரு. எங்கப்பாகூட என்னை அப்படி வஞ்சதில்ல." துணியை உதறினாள். "இப்ப போலீஸ்ல வேற பேரை எழுதிட்டா எந்தக் கடையில என்னை கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார விடுவாங்க?"

ஜெயக்கொடி கேலி பேசாமல் வாளியிலிருந்து அடுத்த துணியை எடுத்துக் கொடுத்தாள். அவள் அப்படிச் செய்வது அபூர்வம்.

"பாஸ்வேர்டை யாருகிட்டயாவது சொன்னியாம்மா? தோழி, கூடப் படிச்ச பையன், யாராச்சும்?"

"இல்ல சார்."

"மெயில்ல வித்தியாசமா ஏதாச்சும் பாத்தியா?"

"பாத்தேன். சொன்னேன், அவருதான் காதுல வாங்கல." தமிழ்ச்செல்வி துணியை விட்டுவிட்டு நேராக நின்றாள். "புதுசா வந்த மெயில் கொட்டை எழுத்துல இருக்கும் சார். ஒருதரம் திறந்து படிச்சிட்டா சாதா எழுத்தா மாறிரும். மெட்ராஸ்ல இருந்து ஆர்டர் வந்த அன்னைக்குக் காலையில நான்தான் முதல்ல திறக்குறேன், ஆனா அது ஏற்கெனவே சாதா எழுத்துல கிடக்கு. முதலாளி, யாரோ திறந்திருக்காங்கன்னு சொன்னேன். சரி சரி வேலையைப் பாருன்னாரு. அப்புறம் ராஜகுரு கடையில சேலை தொங்கவும், நீதானே அன்னைக்கே ஏதோ சொன்னே, உனக்கு எப்படித் தெரியும்னு அதையே என் மேல திருப்பிட்டாரு."

சந்து முனைக்கு நடந்து வந்து வண்டியில் ஏறும்போது ஜெயக்கொடி கேட்டாள்: "என்னண்ணே நினைக்கிறீங்க?"

"திருடப் போறவ, யாரோ திருடுறாங்கன்னு முன்கூட்டியே போய்ச் சொல்லுவாளா?"

"நான்னா சொல்ல மாட்டேன்."

"நீ திருடவே வேணாம். பேசியே வாங்கிருவ."

*

ராஜகுரு கடையில் ஜெயக்கொடி கல்யாணப் பெண்ணின் அக்காவானாள், சிவனாண்டி பெண்ணின் பெரியப்பாவானார். சேலைகள் விரிந்தன. ராஜகுரு குண்டான மனிதர், தடித்த கண்ணாடி, முகம் முழுக்கச் சிரிப்பு. குற்றவாளியாக இருப்பதற்கு வேண்டிய ஒரு லட்சணமும் இல்லை என்று சிவனாண்டிக்குக் கவலையாகப் போய்விட்டது.

"அந்தக் குதிரை சேலை அழகா இருக்கே" என்றாள் ஜெயக்கொடி. "நீங்களே போட்ட டிசைனா?"

"இல்லம்மா. மெட்ராஸ் பார்ட்டி அனுப்பிச்ச ஆர்டர். படத்தோட அனுப்பினாங்க. இப்பிடியே செய்யுங்க, சித்திரைக்கு முன்னாடி வேணும்னு. அந்தப் பக்கம் பாருங்க, மெட்ராசுக்குப் போறதுக்குக் கட்டி வச்சிருக்கேன்." ராஜகுரு மூட்டைகளைக் காட்டினார்.

"அந்தக் கடுதாசியைப் பார்க்கலாமா? எங்க சொந்தக்காரப் பையனும் மெட்ராஸ்ல இதே தொழில்தான்" என்றார் சிவனாண்டி.

"கடுதாசி இல்லங்க, ஈமெயிலு." ராஜகுரு கொஞ்சம் தயங்கினார். "அதுல ஒரு கூத்து. அந்த மெயிலு ஒருநாள் இருக்கும், ஒருநாள் இருக்காது. அன்னைக்கு வந்துச்சு, என் கண்ணால பாத்தேன், படத்தைக்கூட பேப்பர்ல எடுத்துக்கிட்டேன். மறுநாள் தேடினா காணோம். கம்ப்யூட்டர் முழுங்கிருச்சு."

ஜெயக்கொடி ஒரு சேலையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தாள்: "அண்ணே, பொய் சொல்றதுக்கும் ஒரு லட்சணம் வேணாமா? வீட்டுப்பாடத்தை ஆடு தின்னுருச்சுன்னு சொல்லுவோம்ல, அந்த மாதிரி."

சிவனாண்டிக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆள் இவர்தான், பாஸ்வேர்டு எப்படிக் கிடைத்தது என்பதுதான் பாக்கி. கேஸ் முடியப்போகிறதென்று ஒரு சின்ன நிம்மதி கூட வந்தது. சேலையை மடித்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

"கம்ப்யூட்டர்ல யாராச்சும் பூந்து அழிச்சிருப்பாங்களோ என்னவோ. இந்தக் காலத்துல பாஸ்வேர்டெல்லாம் லேசா பிடிச்சிர்றாங்களாமே."

"நம்ம பாஸ்வேர்டையா?" ராஜகுரு தொப்பை குலுங்கச் சிரித்தார். "அது கம்ப்யூட்டரே போட்டது சார். நம்ம பாலமுரளி தம்பி கொடுத்த ஃப்ளாப்பி. குருட்டாம்போக்கில நாலு வார்த்தை. நானே நினைச்சுப் பாக்காத வார்த்தைகள். ஆனா ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு நல்லது கெட்டது தெரியுதா? முதமுதல்ல ஓட்டுறேன், வந்து நிக்குது விளக்குமாறு. சீன்னு தள்ளிட்டு அடுத்ததை எடுத்துக்கிட்டேன்."

சிவனாண்டியின் கை, மடித்த சேலையின் மேல் அப்படியே நின்றது.

ஜெயக்கொடி அவரைப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. "பெரியப்பா" என்றாள், வேஷத்தைக் கலைக்காமல். "நம்ம முகூர்த்தத்துக்கு இன்னும் நாள் இருக்கு. ஒரு நடை வெளியில போயிட்டு வருவோமா?"

தெருவில் இறங்கியதும் வெயில் மூஞ்சியில் அறைந்தது. இரண்டு பேரும் ஒரு சர்பத் கடை நிழலில் ஒதுங்கினார்கள்.

"குருட்டாம்போக்கு குருட்டாம்போக்குன்னு ரெண்டு பேரும் சொல்றாங்க" என்றார் சிவனாண்டி. "அவருக்கும் முதல்ல விளக்குமாறு. இவருக்கும் முதல்ல விளக்குமாறு. இது எப்படி?"

"ஊர்லயே அதுதான் அதிகமா புழங்குற சாமான்ணே. எங்க வீட்ல தெனமும் அதான் முதல்ல வரும்."

"சர்பத்தைக் குடிச்சிட்டு வண்டியை எடு."

*

பாலமுரளியின் கம்ப்யூட்டர் சென்டர் ஒரு மிட்டாய்க் கடைக்கு மேலே இருந்தது. அதனால் அங்கே எப்போதும் நெய் வாசனை. வரிசையாக உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருந்த பெண்களைத் தாண்டி, பின்னால் தடுப்புக்குள் பாலமுரளி இருந்தான். ராஜகுரு பெயரைச் சொன்னதுமே அவன் முகம் வெளிறியது.

"சார், மாமாகிட்ட சொல்லிராதீங்க. அவருக்குப் பண்ணிக் கொடுத்ததை ராஜகுரு மாமாவுக்கும் பண்ணிக் கொடுத்தேன்னு தெரிஞ்சா என்னை வீட்டுப் பக்கமே விட மாட்டாரு. ரெண்டு பேரும் பேசிக்கிறதில்ல. எனக்கு ரெண்டு பேரும் சொந்தம். நான் என்ன செய்ய?"

"பாஸ்வேர்டை நீ கொடுத்தியா?"

"ஐயோ, எனக்கே தெரியாது சார். நான் ஃப்ளாப்பியை மட்டும்தான் கொடுத்தேன். ஆள் இல்லாத நேரமா பார்த்து நீங்களே ஓட்டிக்கங்க, திரையில வர்றதை நீங்க மட்டும் பாருங்கன்னு சொல்லித்தான் கொடுத்தேன்."

அவன் அழுதுவிடுவான் போலிருந்தது. சிவனாண்டிக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. கோபம் வருவதற்கு இன்னும் கொஞ்சம் தூங்கியிருக்க வேண்டும். "அந்தப் புரோகிராமை எங்க முன்னாடி ஒருதரம் ஓட்டிக் காட்டு தம்பி" என்றார்.

பாலமுரளி ஃப்ளாப்பியைச் செருகினான். அது கரகரவென்று முனகியது. கறுப்புத் திரையில் ஒரு பக்கத்துக்கும் குறைவாக ஏதோ எழுத்துகள் வந்து நின்றன. அவன் விளக்கினான். வீட்டில் புழங்கும் வார்த்தைகளாக ஒரு பெரிய அடுக்கு அவன் டைப் அடித்து வைத்திருக்கிறான், தமிழ்தான், இங்கிலீஷ் எழுத்தில். புரோகிராம் அதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு நாலை எடுக்கும். தட்டத் தட்ட வேறு வேறு வரும்.

தட்டினான்.

*vilakkumaru ammikkal panai oosi*

"வந்துட்டாருப்பா தலைவரு" என்றாள் ஜெயக்கொடி.

மறுபடி தட்டினான்.

*kuthuvilakku kazhuthai malli rayil*

"குத்துவிளக்கு, கழுதை, மல்லி, ரயில்" என்று சிவனாண்டி எழுத்துக்கூட்டிப் படித்தார். "மங்கலமாத்தான் இருக்கு. கழுதை?"

"அதுவும் யோகம்தாண்ணே. என்னைப் பார், யோகம் வரும்னு பாதிக் கடையில படம் மாட்டியிருக்காங்கள்ல" என்றாள் ஜெயக்கொடி.

மூன்றாவது முறை தட்டியதில் வேறு நாலு வார்த்தை வந்தது, நாலாவது முறை இன்னும் வேறு. "பாத்தீங்களா சார், ஒண்ணு மாதிரி ஒண்ணு வராது" என்றான் பாலமுரளி.

"கம்ப்யூட்டரை அணைச்சிட்டுத் திரும்பப் போடு."

"எதுக்கு சார்?"

"சும்மா போடு."

அணைத்தான். போட்டான். அது விழித்து எழுந்திருக்க நேரம் எடுத்துக்கொண்டது. சிவனாண்டி சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார். ஜெயக்கொடி தட்டி எழுப்பினாள். பாலமுரளி புரோகிராமை ஓட்டினான்.

*vilakkumaru ammikkal panai oosi*

பாலமுரளியின் விரல் தானாகவே இன்னொரு முறை தட்டியது. குத்துவிளக்கும் கழுதையும் மல்லியும் ரயிலும் ஒழுங்காக வரிசையில் வந்து நின்றன.

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஒரு வரி விட்டுப்போச்சு சார். ஒரே ஒரு வரி. ஓட்டுறப்ப மணி பார்த்து, அதை வச்சு ஆரம்பின்னு சொல்லியிருக்கணும். சொல்லலைன்னா கம்ப்யூட்டர் எப்பவும் ஒரே இடத்துல இருந்துதான் ஆரம்பிக்கும். நான் சோதிச்சப்ப உக்காந்த வாக்குல தட்டிக்கிட்டே இருந்தேன், வேற வேற வந்துச்சு. அணைச்சுட்டுப் போட்டுப் பாக்கத் தோணல."

"கேசட்டைச் சுத்தி முன்னாடி கொண்டுபோய் வச்சிட்டுப் போட்டா, எந்த வீட்ல போட்டாலும் முதப் பாட்டு ஒண்ணுதானே வரும், அப்படியா?" என்றார் சிவனாண்டி.

"அப்படியேதான் சார்."

"இதுக்கு நீ ரெண்டு தாயக்கட்டையைக் கொடுத்து உருட்டிக்கங்கன்னு சொல்லியிருக்கலாம்" என்றாள் ஜெயக்கொடி.

"உண்மையில அதுதான் இதைவிட நல்லது அக்கா" என்றான் பாலமுரளி பரிதாபமாக.

யாரும் யாரிடமும் எதையும் விற்கவில்லை. ஒரே சாவியை இரண்டு வீட்டுக்கும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான் பையன். இருவரும் விளக்குமாறைக் கண்டு ஒரே மாதிரி முகம் சுளித்து, ஒரே மாதிரி ஒதுக்கி, ஒரே குத்துவிளக்கை ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஒருத்தராவது விளக்குமாறைப் பொறுத்துக்கொண்டிருந்தால் வம்பே இல்லை.

"சரி, சாவி ஒண்ணு. ஆனா வீடு வேற வேறதானே?" என்றார் சிவனாண்டி. "துளசிராம் மெயிலுக்கு ராஜகுரு எப்படிப் போனாரு?"

"மெயில் பேரும் நான்தான் சார் வச்சுக் கொடுத்தேன். இந்த ஏரியா கடைக்கெல்லாம் வரிசையா. மாமாவுக்கு சுங்குடி நாலு. ராஜகுரு மாமாவுக்கு சுங்குடி அஞ்சு. மறக்கக்கூடாதுன்னு ஒரு ஸ்டிக்கர்ல எழுதி மானிட்டர்லயே ஒட்டிக் கொடுத்தேன்."

சிவனாண்டி அங்கிருந்த போனை எடுத்து துளசிராம் கடைக்குப் போட்டார்.

"முதலாளி, சிவனாண்டி பேசுறேன். உங்க பாஸ்வேர்டு குத்துவிளக்குல ஆரம்பிக்குதா?"

அந்தப் பக்கம் துளசிராமின் குரல் வெடித்தது. "உங்ககிட்டயே சொல்லிட்டாளா அந்தப் புள்ள! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? நான் இப்பவே ஸ்டேஷனுக்குப் போறேன்."

சிவனாண்டி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "போங்க. போற வழியில ராஜகுரு கடையில ஒரு நிமிஷம் இறங்குங்க."

"அவன் கடைக்குள்ள நான் கால் வைக்க மாட்டேன்."

"உள்ள வர வேணாம். வாசல்ல நின்னு பாருங்க, போதும்."

*

பெரியப்பாவும் அக்காவும் திரும்பி வந்ததில் ராஜகுருவுக்கு மகிழ்ச்சி. பெரியப்பா துப்பறிகிறவர் என்று தெரிந்தும் அவர் முகத்தில் பயம் வரவில்லை, கொஞ்சம் சுவாரசியம்தான் வந்தது. "பாக்குறதுக்கு அப்படித் தெரியலையே" என்றார்.

"அதான் எங்க மூலதனம்" என்றாள் ஜெயக்கொடி.

சிவனாண்டி கம்ப்யூட்டரைப் பார்த்தார். மானிட்டர் நெற்றியில் வாரா வாரம் வெள்ளிக்கிழமை வைத்த சந்தனமும் குங்குமமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்து கெட்டியாகியிருந்தன. பாலமுரளி ஒட்டிய ஸ்டிக்கர் அதற்கடியில்தான் இருந்தது. சுங்குடி என்கிற எழுத்து வெளியே தெரிந்தது. எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய குங்குமப் பொட்டு.

"உங்க மெயிலைத் திறங்க" என்றார்.

மோடம் கீச்கீச்சென்று கத்தி, இழுத்து, ஒருவழியாக லைன் பிடித்தது. ராஜகுரு ஒற்றை விரலால் சுங்குடி என்று அடித்தார். அடித்துவிட்டு மோட்டுவளையைப் பார்த்தார்.

"நம்பர் நாலா அஞ்சாங்கிறதுலதான் எனக்கு எப்பவும் குழப்பம். ஒண்ணு போட்டுப் பாப்பேன், திறந்துச்சுன்னா அதான் நம்ம நம்பரு" என்று நாலைத் தட்டினார். உடம்பால் திரையை மறைத்துக்கொண்டு பாஸ்வேர்டையும் அடித்தார். மெயில் திறந்தது.

அந்த நேரத்தில் புகார்க் காகிதத்தோடு துளசிராம் வாசலுக்கு வந்து சேர்ந்தார்.

"பாத்தீங்களா, வந்துருச்சு!" ராஜகுரு நாற்காலியிலிருந்து எழும்பிவிட்டார். "காணாமப் போன மெயிலு! மெட்ராஸ் ஆர்டர்! நான் பொய் சொல்லலைல? குதிரைப் படம் இருக்கு பாருங்க!"

துளசிராம் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். திரையில் அவருடைய குதிரை. அதற்குக் கீழே அவர் வக்கீலின் கடிதம். அதற்கும் கீழே சோழவந்தானில் இருக்கும் அவர் சம்பந்தி அனுப்பிய வாழ்த்து. கால் வைக்க மாட்டேன் என்றவர் எப்போது உள்ளே வந்தார் என்று அவருக்கே தெரியாது.

"இது என்னோடதுடா" என்றார். பல வருஷத்துக்குப் பிறகு ராஜகுருவிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

ராஜகுரு திரையைப் பார்த்தார், துளசிராமைப் பார்த்தார், அடுக்கி வைத்திருந்த மூட்டைகளைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல மெல்ல முகத்தை விட்டு இறங்கியது. "அப்ப எனக்கு ஆர்டரே வரலையா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த ஏமாற்றத்தைப் பார்த்து துளசிராமுக்கே கொஞ்சம் சங்கடமாகிவிட்டது.

சிவனாண்டி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விளக்குமாறிலிருந்து ஆரம்பித்துச் சொல்லி முடித்தார். துளசிராம் புகார்க் காகிதத்தை மடித்தார். இன்னும் சின்னதாக மடித்தார். சட்டைப் பைக்குள் அது போன பிறகும் கை அங்கேயே இருந்தது.

"அந்தப் புள்ளையை வேலைக்கு வரச் சொல்லிருங்க" என்றார் கடைசியில்.

"நீங்கதான் சொல்லணும்" என்றார் சிவனாண்டி.

*

மறுநாள் காலை தமிழ்ச்செல்வியை ஜெயக்கொடி டிவிஎஸ் 50-ல் கூட்டி வந்தாள். துளசிராம் கடையில் எல்லோரும் இருந்தார்கள். கடைப் பையன்கள், சாயப் பட்டறை ஆட்கள், கல்லாவுக்குப் பக்கத்தில் அவர் சொந்தக்காரர்கள். பாலமுரளியும் விட்டுப்போன வரியைச் சேர்த்த புது ஃப்ளாப்பியோடு ஒரு மூலையில் ஒடுங்கி நின்றிருந்தான். சிவனாண்டிக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. இருந்தும் வந்திருந்தார். இந்த மாதிரிக் கேஸ்களில் பழி போட்டது ஊருக்கே கேட்கும், பழி நீங்கியது பக்கத்து ஆளுக்குக்கூடக் கேட்காது என்பது அவருக்குத் தெரியும். அதை நினைத்தாலே அவருக்கு அலுப்பாக இருந்தது.

துளசிராம் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார். தன் சொந்தக்காரர்கள் பக்கம் திரும்பி, அவர்கள் வீட்டில் பேசும் சௌராஷ்டிர பாஷையில் மளமளவென்று பேசினார். நடுவில் தமிழ்ச்செல்வியின் பெயர் ஒருதரம் வந்தது, பாலமுரளியின் பெயர் பலதரம் வந்தது. சொந்தக்காரர்கள் தலையாட்டினார்கள். கடைப் பையன்கள் ஒன்றும் விளங்காமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். துளசிராம் பேசி முடித்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் நாற்காலியைக் காட்டினார்.

"சொல்லிட்டேன்மா. வா, உக்காரு."

தமிழ்ச்செல்வி வாசற்படியைத் தாண்டவில்லை.

"என்னை வஞ்சது தமிழ்லதானே முதலாளி?" என்றாள்.

ஜெயக்கொடி சிவனாண்டியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். துளசிராம் சிவனாண்டியைப் பார்த்தார். அவர் உதவிக்கு வரவில்லை. சேலை எடுக்க வந்த யாரோ ஒரு அம்மாவும் என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்த்தார்.

"தமிழ்ச்செல்வி மேல ஒரு தப்பும் இல்ல" என்றார் துளசிராம் தமிழில். முதல் வார்த்தைதான் கஷ்டப்பட்டு வந்தது. மற்றவை தானாக வந்தன. "யாரோ மெயிலைத் திறந்திருக்காங்கன்னு அந்தப் புள்ள முன்கூட்டியே சொல்லுச்சு. நான் கேக்கல. எல்லார் முன்னாடியும் அசிங்கமா பேசிட்டேன். அது என் தப்பு."

தமிழ்ச்செல்வி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். அழவில்லை. சிவனாண்டிக்குத்தான் கண் கரித்தது. தூக்கமின்மை என்று சொல்லிக்கொண்டார்.

"பாஸ்வேர்டு மாத்தணும். எல்லாரும் கொஞ்சம் வெளியில நில்லுங்க" என்றாள் அவள். எல்லோரும் போனார்கள். பாலமுரளியையும் போகச் சொன்னாள். அவன் ஃப்ளாப்பியை மேசையில் வைத்துவிட்டு ஓடினான். சிவனாண்டி வாசலில் நின்றுகொண்டார். அங்கிருந்து திரை தெரியாது, துளசிராமின் முகம் தெரிந்தது.

தமிழ்ச்செல்வி ஒரு தட்டுத் தட்டினாள். துளசிராம் குனிந்து படித்தார். வேப்பெண்ணெய் குடித்தவர் மாதிரி அவர் முகம் கோணியது. விரல் தானாக அடுத்த தட்டுக்கு நீண்டது.

"முதல்ல வந்ததுதான் முதலாளி" என்றாள் தமிழ்ச்செல்வி.

விரல் அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு திரும்பி வந்தது.

"என்ன வந்திருக்கும்ணே? செருப்பா?" என்று கிசுகிசுத்தாள் ஜெயக்கொடி. "போய்க் கேட்டுட்டு வாரேன்."

"கேட்டா இன்னொருதரம் மாத்தணும். வண்டியை எடு. வாடிப்பட்டி பஸ்ஸுல ஏத்திவிடு என்னை."

அவர்கள் படியிறங்கும்போது உள்ளே துளசிராம் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டுவது கேட்டது. தட்டிக்கொண்டே அவர் எழுத்துக்கூட்ட ஆரம்பித்தார். அதோடு தமிழ்ச்செல்வியின் குரல், கொஞ்சம் கண்டிப்பாகவே கேட்டது.

"வாய்விட்டுச் சொல்லாம அடிங்க முதலாளி."